கடலடியில் மூச்சு

கொற்கை முத்தின் பெருமையை நம் மாணவர் யாவரும் பாடநூல்களிற் படித்திருப்பர். ஆனால், அம்முத்தை எடுத்தவன் எவ்வாறு மூழ்கினான், எவ்வளவு நேரம் கீழே இருந்தான், ஏன் மேலே வந்தான் என்று வினவின், நம்முள் பலர் வாய் திறவார். புலவர் முத்தைப் பாடினர். வணிகர் முத்தை விற்றனர். முக்குளித்தவனுடைய மூச்சைப் பற்றி எழுதினோர் மிகச் சிலரே. அம்மூச்சைப் பற்றியதே இக்கட்டுரை. இன்று அந்தமான் தீவுகளுக்கு உலாச் செல்லும் இளைஞர் பலர், முதுகிலே காற்றுக்கலம் ஒன்றைச் சுமந்து, மூன்று நான்கு நாட்களில் 'ஸ்கூபா' என்னும் நீர்மூழ்கற் பயிற்சியைப் பெற்று மீள்கின்றனர். அப்புதுப் பயிற்சியையும், கல்லைத் துணையாகக் கொண்டு மூழ்கிய பழந்தொழிலையும் அருகருகே வைத்து நோக்கின், இரண்டும் நேர்மாறான மூச்சுமுறைகளை உடையன என்பது விளங்கும். அவ்வேறுபாட்டை அறியாமையால் நம் கரையிலேயே உயிர்கள் மாய்கின்றன. ஆதலின் இதனை வெறும் பொழுதுபோக்குச் செய்தியென ஒதுக்கற்க.

முதலிற் பழந்தொழிலைக் காண்போம். முத்துச்சிப்பி வாழும் கடலடித் தளங்களைப் 'பார்' என்பது தூத்துக்குடிக் கரையோர் வழக்கு. அவை கரையினின்றும் சில கல் தொலைவில், பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரை ஆழத்தில் கிடக்கின்றன. ஒரு பாகம் என்பது ஆறடி. குளிப்பவன் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல்லொன்று கட்டிய கயிற்றிற் காலை ஊன்றி நின்று, மூச்சை நிறைய இழுத்து, மூக்கைப் பற்றிக்கொள்வான். தோணியிலிருப்பவன் கயிற்றை விடுவான். கல்லின் எடையால் நொடிப்பொழுதில் அவன் தரை சேர்வான், கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரி இடுவான், கயிற்றை அசைப்பான், மேலே நிற்பவன் இழுத்துக்கொள்வான். இவையனைத்தும் ஒரு நிமிட நேரத்திற்குச் சற்று முன்பின்னாக முடிந்துவிடும். சிறிது இளைப்பாறி மீண்டும் மூழ்குவான். ஒரு நாளில் இவ்வாறு பலமுறை.

கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற 'பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல், கொற்கையில் முத்துக்குளித்தலைக் குற்றவாளிகளே செய்தனர் என்று கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, சுறாமீனை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதென எழுதினார். பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று வழங்கப்பெற்றோர் இவரே போலும். சுறாவுக்கு அஞ்சியவர் தம் நுரையீரலுக்கு அஞ்சினாரல்லர் என்பது இதனால் அறியத்தக்கது. அதற்குக் காரணமும் உண்டு, மேலே காண்க.

நீர் காற்றினும் மிகக் கனமுடையது. கடலிலே 10 மீட்டர் ஆழத்திற்கு ஒருமுறை, நாம் தரையில் நின்று தாங்கும் வளியழுத்தம் முழுவதும் மற்றொரு முறை நம்மேற் சுமத்தப்படுகின்றது. 10 மீட்டரில் இரு மடங்கு; 20 மீட்டரில் மும்மடங்கு. அழுத்தம் கூடுமளவிற்கு அடைபட்ட காற்றின் பருமன் குறையும் என்பது 1662-ஆம் ஆண்டில் இராபர்ட்டு பாயில் வெளியிட்ட விதி. ஆகவே, நெஞ்சிலே 6 லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு மூழ்கினவனுக்கு 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வருங்கால் மீண்டும் 6 லிட்டராக விரியும். கொண்டுசென்ற காற்றே திரும்பி வருகின்றது. இடையிலே ஒரு துளியும் கூடவில்லை. எனவே அவன் எவ்வளவு விரைந்து ஏறினும் நுரையீரலுக்கு ஊறு நேராது. மூச்சை அடக்குதல், விரைந்து ஏறுதல் ஆகிய இரண்டுமே அவனுக்கு நலந்தருவன. தலைமுறை தலைமுறையாகத் தந்தை மகனுக்குக் கற்பித்தவை இவ்விரண்டே.

இனி, புதுக்கருவிக்கு வருவோம். 1943-ஆம் ஆண்டு, பகைவர் கைப்பட்டிருந்த பிரான்சு நாட்டிலே, கடற்படை அலுவலரான ழாக் கூஸ்தோ என்பாரும், பொறியியல் வல்லுநரான எமில் கன்யான் என்பாரும் இதனை உருவாக்கினர். போர்க்காலத்திற் பெட்ரோல் தட்டுப்பட்டமையால் மோட்டார் வண்டிகளை வேறு வாயுவால் ஓட்ட வேண்டியிருந்தது. பொறி வேண்டும்போது மட்டும் வேண்டுமளவு வாயுவை விடும் அடைப்பிதழ் ஒன்றைக் கன்யான் அதன்பொருட்டு அமைத்திருந்தார். அதனையே மாந்தர் மூச்சுக்குப் பொருத்தினர். மூழ்குபவன் மூச்சை இழுக்கும்போது, அவன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஒத்த அழுத்தமுள்ள காற்று, ரெகுலேட்டர் எனப்படும் வாய்க்கருவி வழியாக வரும். அழுத்தம் ஒத்திருத்தலே இதன் சிறப்பு. அஃதின்றேல் சிறிது ஆழத்திலேயே நெஞ்சை விரித்து மூச்சிழுத்தல் இயலாது. நீண்ட குழலொன்றை வாயிற் கவ்விக்கொண்டு ஆழத்தில் நடமாடலாம் என்னும் சிறுவர் கற்பனை இதனாலேயே பொய்யாகின்றது. ஸ்கூபா என்னும் பெயர் 1952-இல் அமெரிக்க மருத்துவர் கிறிஸ்தியான் லாம்பர்ட்சென் என்பாரால் வழக்கிற்கு வந்தது. 'தன்னிறைவான நீரடி மூச்சுக்கருவி' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆயது.

ஈண்டு ஒரு பிழைவழக்கைச் சுட்டாது போதல் இயலாது. நாளிதழ்கள் பலவும் இக்கலத்தை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்று எழுதுகின்றன. அதனுள் இருப்பது நாம் ஈண்டு உட்கொள்ளும் வெறுங்காற்றே. இருநூறு மடங்கு அழுத்தி அடைக்கப்பட்டது. ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே தனி ஆக்சிஜனைச் சுவாசித்தல் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். உயிர்வளி என்று நாம் பெயரிட்ட பொருளே அழுத்தம் மிகின் உயிரைக் கொள்ளும்.

அந்தமானில் ஹேவ்லாக் என வழங்கிய தீவிற்கு 2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினர். ஆயினும் பயணிகள் பழம்பெயரையே கூறுவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்தினின்றும் வந்து குடியேறியோர் மிகுந்த அத்தீவிலே, கடற்கரைகளை எண்ணிட்டு இரண்டாம் கரை, ஏழாம் கரை என்று அழைக்கின்றனர். அலைகள் அடங்கிய திசம்பர் முதல் மே வரையுள்ள திங்கள்களே மூழ்குதற்கு ஏற்ற காலம். அக்கடலில் மூழ்கிப் பிறர்க்கு வழிகாட்டிய முன்னோடிகளுள் கரேன் மரபினரும் உளர். 1925-இல் பர்மாவினின்றும் கொணர்ந்து நடு அந்தமானிற் குடியேற்றப்பெற்ற மக்கள் அவர்.

அங்குச் செல்வோரிற் பெரும்பகுதியினர் மூழ்கக் கற்பவரல்லர். பயிற்றுநர் ஒருவர் பின்னின்று காற்றுக்கலத்தைப் பற்றிக்கொண்டு, அரைமணி நேரம் பவளப் பாறைகளைச் சுற்றிக்காட்டி, நிழற்படம் எடுத்து, மேலே கொணர்ந்து விடுவார். நீந்தத் தெரியாதோரும் இதிற் சேரலாம். இதனைக் கற்றல் என்பது, மாட்டுவண்டியில் அமர்ந்து சென்றவன் வண்டியோட்டக் கற்றேன் என்பதனையொக்கும். உண்மைப் பயிற்சி வேறு. 1966-இல் அமெரிக்காவிற் தோன்றிய தொழில்முறை மூழ்குநர் பயிற்றுநர் சங்கம் போன்றவை வகுத்த முறைப்படி, முதற்கண் உடல்நலம் குறித்த வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். ஆஸ்துமா, நெஞ்சுநோய், காதுநோய் உடையோர் மருத்துவர் ஒப்புதல் பெறாமல் நீரில் இறங்கலாகாது. பின்னர்ப் பாடம், அதன்மேல் ஆழங்குறைந்த நீரில் செய்முறை, அதன்மேல் கடலில் நான்கு முறை மூழ்கல். 200 மீட்டர் நீந்திக் காட்டலும், எதனையும் பற்றாது 10 நிமிடம் மிதத்தலும் வேண்டும். தேறினோர் 18 மீட்டர் வரை, துணைவர் ஒருவருடன் மூழ்கத் தகுதி பெறுவர். தனியே மூழ்குதல் தொடக்கத்தார்க்கு விலக்கப்பட்டது.

செய்முறையில் கற்போரை மருட்டுவது ஆழமன்று, மூக்கு. பிறந்த நாள்முதல் மூக்கால் மூச்சுவிட்டு வந்தவன், கண்ணையும் மூக்கையும் மூடிய கண்ணாடிக்குள் நீர் புகுந்தவுடன் திகைத்து மேலே பாய முற்படுவான். அதனாலேயே பயிற்றுநர், முழங்காலளவு நீர் தலைக்குமேல் நிற்கும் இடத்தில் அமர்த்தி, அக்கண்ணாடியில் வேண்டுமென்றே நீரை நிரப்பச் செய்வர். வாயால் மூச்சை இழுத்து, கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் மெல்ல ஊதினால், உள்ளே புகுந்த நீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும். பின்பு வாய்க்கருவியைக் கழற்றிக் கைவிட்டுத் தேடி எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும். காற்றுத் தீர்ந்தவன் போல் நடித்துத் துணைவனுடைய மாற்றுக் கருவியைக் கேட்டுப் பெற வேண்டும். நீருள் பேச்சில்லை, கைக்குறியே மொழி. பெருவிரலும் சுட்டுவிரலும் கூட்டி வட்டம் காட்டின் 'நலம்' என்பது பொருள். பெருவிரலை மேலே நிமிர்த்திக் காட்டின் 'மேலே செல்வோம்' என்பது பொருள். நம் வகுப்பறைப் பழக்கத்தால் நலமென எண்ணிப் பெருவிரலைக் காட்டுவோர் பாதியில் மேலே கொணரப்படுவர்.

காதினைப் பற்றியும் கூறல் வேண்டும். வள்ளியூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகளிற் குதித்து, எறிந்த காசைத் தரையில் தடவி எடுத்துவரும் சிறுவர் யாவரும் அறிந்ததே, அடியிற் செல்லச் செல்லக் காது நோவது. செவிப்பறைக்கு உட்புறத்துக் காற்று சுருங்க, வெளிப்புறத்து நீர் பறையை உள்ளே தள்ளுவதே அந்நோவு. மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதின், தொண்டையினின்றும் நடுச்செவிக்குச் செல்லும் நுண்குழல் திறந்து இருபுறமும் சமனாகும். இம்முறை இத்தாலிய மருத்துவர் வல்சால்வாவின் பெயரால் வழங்குகின்றது. நோவு தோன்றுமுன்னரே, ஒவ்வொரு முழத்திற்கும் இதனைச் செய்தல் வேண்டும். நோவைப் பொறுத்துக்கொண்டு இறங்குதல் வீரமன்று, செவிப்பறை கிழியும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக, முதல் நாள் முதல் இறுதி நாள் வரை பயிற்றுநர் விடாது கூறும் விதி ஒன்றுண்டு: எக்காரணத்தாலும் மூச்சை அடக்காதே. ஏன்? கருவி அணிந்தவன் 10 மீட்டர் ஆழத்தில் 6 லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுக்கின்றான். அதனை அடக்கிக்கொண்டே மேலே ஏறினால், மேற்பரப்பில் அது 12 லிட்டராக விரியும். நுரையீரலோ 12 லிட்டர் கொள்ளாது. அதன் மெல்லிய அறைகள் கிழிந்து, காற்றுக்குமிழ் குருதியிற் புகுந்து மூளையை அடையும். நெஞ்சு நிரம்பிய நிலையில் ஓர் ஆள் மட்டம் ஏறினும் இவ்விடர் உண்டாகலாம் என்பர். நம் நாட்டார் மூச்சடக்குதலைப் பெருந்திறனாகப் போற்றுபவர். கருவி அணிந்த கணமே அத்திறன் கொலைக்கருவியாகின்றது. மூச்சு இழுத்தால் உடல் சற்று எழும், விட்டால் சற்றுத் தாழும். அதனைக் கொண்டே தரையைத் தொடாமலும் பவளத்தை மிதியாமலும் ஓரிடத்தில் மிதந்து நிற்கத் தேர்ச்சி பெற்றவர் கற்பர். கையும் காலும் அசையாமல் மூச்சொன்றினாலேயே மீனைப்போல் நிற்றல், இப்பயிற்சியில் மிக அழகியது என்று சொல்லலாம்.

இரண்டாவது விதி, மெல்ல ஏறுதல். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிக்க காற்றை நெடுநேரம் உட்கொள்ளும்போது அந்நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைந்து நிற்கும். நம் கடைத்தெருக் கோலிசோடாவை எண்ணுக. கோலி அடைத்திருக்கும்வரை நீர் தெளிந்திருக்கும். கோலியை அழுத்தியவுடன் நுரை பொங்கும். விரைந்து ஏறியவன் உடலும் அவ்வாறே. மூட்டுக்களில் தாங்கொணா நோவு, கால் மரத்தல், சிறுநீர் கட்டுதல், சிலர்க்கு நிலையான முடக்கம், சிலர்க்குச் சாவு. அமெரிக்காவில் புரூக்ளின் பாலத்திற்கு அடித்தளம் இடும்பொருட்டு, அழுத்தக் காற்று அடைத்த பெட்டிகளுள் இறங்கி வேலைசெய்தோர் இந்நோய்க்கு இரையாயினர். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங் 1872-இல் இதனாலேயே நலிந்து, பின்னர் அறையினின்றே பணியை நடத்தினார். நோயின் காரணம் நைட்ரஜன் குமிழ்களே என்று பிரெஞ்சு அறிஞர் பால் பேர் 1878-இல் நிறுவினார். வெள்ளாடுகளை வைத்து ஆராய்ந்து, எவ்வாழத்தினின்றும் எத்துணை மெல்ல ஏற வேண்டும் என்பதற்கு அட்டவணை வகுத்து 1908-இல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். இன்று கற்போர்க்கு, நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேல் ஏறலாகாது என்றும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் தங்கிப் பின் ஏறுக என்றும் கற்பிக்கின்றனர்.

மூச்சடக்கி மூழ்கும் மரபினர் கையில், விதி கற்பிக்கப்படாமல் கருவி மட்டும் வந்து சேர்ந்தால் விளைவு யாது? வரலாற்றில் இதற்கு விடை உண்டு. கிரேக்க நாட்டுச் சீமி, காலிம்னோசு முதலிய தீவுகளில், கடற்பஞ்சு எடுப்போர் பன்னூறாண்டுகளாகக் கல்லைப் பற்றி மூச்சடக்கி மூழ்கிவந்தனர். தொழில்முறை நம் முத்துக்குளிப்போருடையதை மிக ஒத்தது. 1860-களில் மேலிருந்து காற்றூட்டப்படும் உலோகத் தலைக்கவச உடை அவர்க்குக் கிடைத்தது. ஆழத்தில் நெடுநேரம் இருக்கவும், மிகுதியாக எடுக்கவும் முடிந்தது. ஏறும் முறையை ஒருவரும் கற்பிக்கவில்லை. ஹால்டேன் அட்டவணைக்கு நாற்பது ஆண்டுகட்கு மேல் இருந்தன. இளைஞர் பலர் மாண்டனர்; பலர் கால் முடங்கிக் கரையிலே அமர்ந்தனர். அவ்வுடையைத் தடைசெய்க என்று அத்தீவுப் பெண்டிர் முறையிட்டனர்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அதன்பின் பெரிய அளவில் நிகழவில்லை. அக்காலத்தையொட்டியே மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர் மகாதேவனும் நாகப்பன் நாயரும் ஸ்கூபாக் கருவி அணிந்து மூழ்கி, முத்துப்பார்களையும் சங்குப்பார்களையும் நேரிற் கண்டு ஆராய்ந்தனர். அவர் முறையாகப் பயின்றோர். சங்குகுளிப்போ இன்றும் தொடர்கின்றது. வங்க மகளிர் அணியும் சங்குவளைக்கு நம் கடற்சங்கே பெயர்பெற்றது. அத்தொழிலில் மூச்சடக்கி மூழ்கியோரின் வழிவந்தோர் இப்பொழுது படகிலே காற்றழுத்தப் பொறியை ஓட்டி, நெடிய குழாய் வழியே வரும் காற்றை வாயிற் கொண்டு, மணிக்கணக்கில் ஆழத்தில் உழைக்கின்றனர். சிலர் கலமும் அணிகின்றனர். ஆழமானி இல்லை, அட்டவணை இல்லை, பொறியின் புகை காற்றுக்குழாயிற் புகுவதைத் தடுக்கவும் வழியில்லாத படகுகள் உள. குழாய் மடங்கிக் காற்று நின்றால், தந்தை பாட்டன் கற்பித்தபடி மூச்சை அடக்கி விரைந்து மேலே வருவதே அவர் உடம்பில் ஊறிய பழக்கம். அஃது இரு விதியையும் ஒருங்கே மீறுவதாகும். கால் மரத்து வீட்டிற் கிடப்போரையும், கடலினின்று பிணமாக மீண்டோரையும் பற்றிய செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அவர் துணிவின்மையால் மாண்டாரல்லர், துணிவு மிக்கோரே.

செல்வர் வீட்டு இளைஞர் விடுமுறையில் நான்கு நாள் செலவிட்டுக் கற்கும் பாடம், அத்தொழிலாளர்க்குத் தமிழிலே ஒருவராற் சொல்லப்படின் எத்தனையோ குடும்பம் பிழைக்கும். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ்ச் சிறப்புவகுப்பில் பயிலும் எம்போலியர் கலைச்சொல் ஆக்கம் குறித்து ஓயாது சொற்போர் நிகழ்த்துகின்றோம். 'மூச்சை அடக்காதே, குமிழியினும் மெல்ல ஏறு' என்னும் இரண்டே தொடரைச் சங்குகுளிப்போர் குடில்தோறும் கொண்டுசெல்ல எந்தக் கலைச்சொல்லும் வேண்டுவதில்லை. ஏறும்போது தான் விட்ட சிறு குமிழியை முந்திச் செல்லாதே என்பது, கைக்கணிப்பொறி வருமுன் பயிற்றுநர் கூறிவந்த எளிய அளவை.

அந்தமான் சென்று கற்க விரும்புவோர்க்கு இன்னும் ஒரு சொல். மூழ்கி எழுந்த பின்னரும் நைட்ரஜன் சிறிது உடலில் எஞ்சியிருக்கும். வானூர்தியின் உள்ளே அழுத்தம் குறைவாதலின், ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழிந்த பின்னரே பறக்கலாம். மலையேற்றமும் அத்தகையதே, தூத்துக்குடிக் கடலில் காலையிற் கருவியுடன் மூழ்கியவன் அன்று மாலையே மாஞ்சோலைக்கு ஏறுதல் நன்றன்று. ஸ்ரீவிஜயபுரம் என்று 2024-இற் பெயர் பெற்ற போர்ட் பிளேரினின்றும் சென்னைக்கு வானூர்தியில் வருவோர், இறுதி நாளை மூழ்காமல் கழித்தல் வேண்டும். கப்பலில் வருவோர்க்கு இத்தடை இல்லை; அது கடல் மட்டத்திலேயே, ஏறத்தாழ மூன்று நாள் மெல்ல வருகின்றது.